ஆணியில் தொங்கிய காப்பு

காப்பைக் கழற்றி அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் முப்புடாதி துட்டி வீட்டுக்குப் போனாள். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. கையில் காப்போடு இழவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது கோவில்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவள் வேலை பார்க்கிற கடலைமிட்டாய்க் கம்பெனி முதலாளியின் தாயார் இறந்துபோயிருந்தார். பாகு கிண்டுகிற ஏழு பெண்களும் போய் ஒரு மூச்சு அழாவிட்டால் நன்றாக இருக்காது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கழற்றியவள், போய் அழுது, திரும்பி வந்து, தலைக்குக் குளித்து, கையைத் துடைத்து, மறுபடி அதைக் கட்டிக்கொண்டபோது மணி ஐந்தரை.

அவள் மகள் செண்பகவல்லிக்கு இது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அதுவும் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து ஆவுடை மேடம் போன் செய்த பிறகு.

"செண்பா, ரோஸ்லினைத் திரும்ப வார்டுல சேர்த்திருக்கோம். நேத்து சாயங்காலம். நீ நேர்ல வரணும். காப்பைக் கட்டிட்டு வா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மனநலப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், எதையும் போனில் கொட்டுகிற ஆள் கிடையாது. செண்பா போனை வைத்துவிட்டு அடுக்களையில் நின்ற அம்மாவின் இடது கையைப் பார்த்தாள். சாம்பல் நிறப் பட்டை இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. நேற்று இதைக் கழற்றினாயா என்று கேட்டாள். முப்புடாதிக்கு ஒளிக்கத் தெரியாது. துட்டி வீட்டைச் சொன்னாள், ஆணியைச் சொன்னாள், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் சொன்னாள்.

செண்பா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஆணியில் தொங்கியது பெரிய தப்புத்தான். ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அந்தக் காப்பு அம்மாவின் கைக்கு வந்திருக்கவே கூடாது. அது செண்பாவின் கையில் இருக்கவேண்டியது.

மருத்துவர்கள் அதற்கு இணைத்துடிப்புப் பட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை அவர்களைத் தவிர யாரும் சொல்லவில்லை. வார்டுப் பிள்ளைகள் காப்பு என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அது ஜோடியாக வரும். மனநல வார்டிலிருந்து புதிதாக வீட்டுக்குப் போகிற பிள்ளையின் கையில் ஒன்று. அதே வார்டில் முன்பு இருந்து, தேறி வெளியே வந்த இன்னொரு பிள்ளையின் கையில் மற்றது. இவள் நாடி அவள் மணிக்கட்டில் அடிக்கும், அவள் நாடி இவள் மணிக்கட்டில் அடிக்கும். கையின் சூடும் குளிர்ச்சியும்கூட அப்படியே போய்ச் சேரும். எத்தனை ஊர் தள்ளி இருந்தாலும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். இதுபோக தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வழியாகப் பத்து நிமிஷம் போனில் பேசிக்கொள்ளலாம். மொத்தம் தொண்ணூறு நாள்.

"வார்டுல இருக்கிற வரைக்கும் டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்னு யாராவது இருக்காங்க. வீட்டுக்குப் போன முதல் மூணு மாசம்தான் பயம்," என்று துணைப் பிள்ளைகளுக்கான பயிற்சியின் முதல் நாளே ஆவுடை மேடம் சொன்னார். "நல்லா இருக்கியான்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்லத் தெரியாத பிள்ளையே கிடையாது. நீங்க எல்லாரும் எங்கிட்ட அப்படிச் சொன்னவங்கதான். வாய் பொய் சொல்லும். நாடி சொல்லாது."

பின்வரிசையில் ஒருத்தி, எங்கள் நாடி மோசமாக ஓடினால் அதுவும் அந்தப் பக்கம் போகுமா என்று கேட்டாள். போகும் என்றார் மேடம். அப்படி ஒரு நாள் வந்தால் மறைக்காமல் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றார். யார் கையில் கட்டியிருக்கிறோம் என்று அதற்குத் தெரியுமா என்று கேட்டது செண்பாதான்.

"தெரியாது. தெரியவும் கூடாது," என்றார் மேடம். "ஒரு பிள்ளையோட நாடியைப் பதிஞ்சு வெச்சா, நாளைக்கு அது வேலை கேட்டுப் போற இடத்துல வந்து நிக்கும், கல்யாணப் பேச்சுல வந்து நிக்கும். பதியக் கூடாதுன்னு நாங்க சண்டை போட்டு வாங்கின விதி இது. உயிருள்ள கைன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

நல்லெண்ணத்தில் போட்ட விதி. அந்த விதியின் சந்து வழியாகத்தான் செண்பா நுழைந்து வெளியே போனாள்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். பதினாறு வயதில் அந்த வார்டில் முப்பத்திரண்டு நாள் இருந்தவள் அவள். திரும்பி வந்தபோது வீட்டு அரிவாள்மனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருந்தது. வெங்காயம் அரிய முப்புடாதி தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் வருவாள். பள்ளிக்கூடத்தில் உயிர்த்தோழி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். ஆசிரியர்கள் அவளிடம் மட்டும் காது கேளாதவளிடம் பேசுகிற மாதிரி மெதுவாகவும் சத்தமாகவும் பேசினார்கள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேசத்தான் ஆள் இல்லை. அதிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து, பன்னிரண்டாவது முடித்து, ஆய்வகப் பரிசோதகர் படிப்பில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசல் பலகையில் துணைப் பிள்ளைகளின் படங்களை ஒட்டியபோது முதல் படம் அவளுடையது. கீழே, 'நான் மீண்டேன், நீயும் மீள்வாய்' என்று எழுதியிருந்தார்கள். முப்புடாதி அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, பாகு கிண்டுகிற ஆறு பேருக்கும் காட்டினாள்.

ரோஸ்லினுக்குப் பதினாலு வயது. தூத்துக்குடிப் பிள்ளை. அம்மா குவைத்தில் வீட்டு வேலை, அப்பா மிக்கேல் துறைமுகத்துப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. காப்புக் கட்டிய அன்று ஒரே ஒரு தடவைதான் இருவரும் நேரில் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு செண்பாவின் மணிக்கட்டில் அவள் துடித்துக்கொண்டே இருந்தாள், பயந்த கோழிக்குஞ்சை உள்ளங்கையில் வைத்த மாதிரி. சாயங்காலங்களில் அந்தத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைச் செண்பா உணர்ந்தாள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கை திடீரென்று வேகமாக அடிக்கும். அவள் உடனே மூச்சை இழுத்து நிதானமாக விடுவாள். பத்து நிமிஷத்தில் அந்தப் பக்கமும் நிதானமாகும். தன்னால் ஒருத்திக்கு ஆகவேண்டியது இருக்கிறது என்ற சந்தோஷம் இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்தது அப்போதுதான்.

பதினைந்தாம் நாள் காலையில் எழுந்தபோது அவள் நெஞ்சில் பழைய பாரம் வந்து உட்கார்ந்திருந்தது. காரணம் என்று ஒன்றும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் சும்மா நிற்கும்போதே நாடி ஓட்டம் பிடித்தது. மேடத்துக்குப் போன் செய்ய நாலு தடவை எடுத்தாள், நாலு தடவையும் வைத்துவிட்டாள். சொன்னால் காப்பை வாங்கிக்கொள்வார்கள், பலகையிலிருந்து படத்தை எடுப்பார்கள், அரிவாள்மனை திரும்பவும் பக்கத்து வீட்டுக்குப் போகும். அம்மா அந்த ஆறு பேருக்கும் என்ன சொல்வாள்? சொல்லாமல் இருந்தாலோ அவளுடைய ஓட்டமெல்லாம் அந்தச் சின்னப் பிள்ளையின் கையில் போய் விழுந்துகொண்டே இருக்கும்.

இருபத்தொன்றாம் நாள் காலை, அம்மாவிடம் போனாள். அம்மா கையில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் நல்லது என்று மேடம் சொன்னார் என்றாள். முப்புடாதி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையை அலம்பிவிட்டு வந்து நீட்டினாள்.

காப்பு என்று சொன்னால் முப்புடாதிக்கு அது காப்புத்தான். அம்மன் கோவிலில் கட்டுகிற காப்புக்கு என்ன உண்டோ அத்தனையும் இதற்கும் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே கவிச்சியை நிறுத்தினாள். யாரையும் ஏசுவதில்லை என்று முடிவு செய்தாள், அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சாத்தூரில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை. செண்பாவுக்கு ஒருபக்கம் சிரிப்பாக இருந்தது, மறுபக்கம் அழுகையாக வந்தது. யாரோ பெற்ற பிள்ளைக்காக அம்மா நோன்பு இருக்கிறாள். அந்த நோன்பே தன் பொய்யின் மேல் நிற்கிறது.

கம்பெனியிலிருந்து வந்ததும் முப்புடாதி அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்வாள். "மத்தியானம் ஆனா அந்தப் பிள்ளை கை பச்சைத் தண்ணியில முக்குன மாதிரி சில்லுன்னு ஆயிருதுட்டி. பயந்துதான் அப்பிடி ஆவுது போல. நான் உடனே பாகுச் சட்டிக்குப் பக்கத்துல கையக் கொண்டு போயிருவேன். கொஞ்ச நேரத்துல சரியாயிரும், பாவம்."

செண்பாவின் கையில் இருந்த நாட்களில் அந்தத் துடிப்பு ஒருநாளும் அப்படிச் சில்லிட்டதில்லை. அவள் அதை யோசித்திருக்க வேண்டும். ஆனால் காப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. உம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள். குற்றமுள்ள காதுக்குப் பாதிதான் கேட்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் தவறாமல் அழைத்தாள். நான் துடிப்பது கேட்கிறதா என்று கேட்பாள். கேக்குதுக்கா என்பாள் ரோஸ்லின். உன் துடிப்பு இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்பாள் செண்பா. அம்மா சொன்னதை வைத்துச் சொல்வதால் அது முழுப்பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொள்வாள். இருபத்தாறு நாள் இப்படியே போனது. நேற்று ஆறு மணிக்கு அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. அப்போது அவள் மனதில் முதலில் வந்தது கவலை இல்லை. அப்பாடா, இன்றைக்குப் பொய் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதிதான் வந்தது. இப்போது அதை நினைத்தபோது தன்னைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

காப்பைக் கழற்றிக் கொடு, நான் போய்விட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் கையை நீட்டினாள். முப்புடாதி கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஒருக்கக் கழட்டுனதுக்கே இந்தப் பாடு. இனி அந்த ஆஸ்பத்திரிப் படிக்குப் போயி அவங்க சொல்லாம நான் கழட்ட மாட்டேன். நானும் வாரேன்."

கண்டக்டர் இல்லாத மின்சாரப் பேருந்து அது. ஏறும்போதே முகத்தைப் பார்த்துக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். கோவில்பட்டி எல்லையைத் தாண்டியபோது முப்புடாதி கண்ணை மூடி அம்மனிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டாள். மூன்றரை மணி நேரம் என்பதையே செண்பா திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் நாடி திடீரென்று நின்றுபோனால் பதினாலு வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? ஆஸ்பத்திரித் திரையில் நாலு மணி நேரம் தாண்டினால்தான் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் ரோஸ்லினுக்கு அது முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருப்பாள். அதற்கு மேல் செண்பாவால் நினைக்க முடியவில்லை.

"ராத்திரி பூரா பதறிக்கிட்டே இருக்கு," என்றாள் முப்புடாதி, காப்பின் மேல் கையை வைத்தபடி. "இப்பவும் அப்பிடித்தான் இருக்கு. இந்தா, பாரு."

செண்பா திரும்பிக்கொண்டாள். வார்டில் சேர்த்தவுடன் கையில் கழுத்தில் கிடக்கிற எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், காப்பு உள்பட. ரோஸ்லினின் துடிப்பு இப்போது வர வழியே இல்லை. தன்னைத் தேற்றத்தான் அம்மா சும்மா சொல்கிறாள் என்று நினைத்தாள். அம்மாவும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாளே என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பலகை இருந்தது. செண்பா தன் படத்தைப் பார்க்காமல் கடந்து போனாள். அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஆவுடை மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள். மேடம் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, கையைத்தான்.

"காப்பு எங்க?"

செண்பா எல்லாவற்றையும் சொன்னாள். பதினைந்தாம் நாளிலிருந்து தொடங்கி, பாரம், ஓட்டம், நாலு தடவை எடுத்து வைத்த போன், அம்மாவிடம் சொன்ன பொய், ஆறு மணிப் பொய்கள், ஆணி, அப்பாடா என்று நினைத்தது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது மேடம் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எனக்குத் திரையில ரெண்டு பச்சை விளக்குதான் தெரியும். நேத்து வரைக்கும் ரெண்டும் பச்சை. நான் அதைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்தேன்," என்றார். "ரோஸ்லின் காப்பைக் கழட்டி இருபத்தேழு நாளாச்சு செண்பா. அது அவ அப்பா கையில இருக்கு."

செண்பாவுக்கு முதலில் விளங்கவில்லை.

மேடம் நிதானமாகச் சொன்னார். பதினைந்தாம் நாளிலிருந்து செண்பாவின் நாடி தாறுமாறாக ஓடியதை ரோஸ்லின் உணர்ந்திருக்கிறாள். தன்னிடம் இருக்கிற கெட்டதுதான் அக்காவுக்குப் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டாள். அஞ்சு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருபதாம் நாள் ராத்திரி காப்பைக் கழற்றி அப்பாவின் கையில் கட்டியிருக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். மகள் பேசுவதே அபூர்வமாக இருந்த வீட்டில் அவள் கேட்ட ஒன்றை அந்த மனிதர் மறுக்கவில்லை.

"அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல," என்றார் மேடம். "தினம் சாயங்காலம் அப்பாகிட்டக் கேப்பாளாம், அக்கா எப்படித் துடிக்காங்கன்னு. அமைதியா, அழகாத் துடிக்காங்க பாப்பான்னு அவர் சொல்லுவாராம். அவர் உணர்ந்தது உங்க அம்மா நாடியை. இவ என்ன நினைச்சிருப்பா? நான் கையை எடுத்த உடனே அக்கா சரியாயிட்டாங்க, அப்ப நான்தான் நோய்னு நினைச்சிருக்கா. நாம கொடுத்த காப்பே அவளுக்குத் தினமும் அதுக்குச் சாட்சி சொல்லியிருக்கு."

நேற்று இரண்டு மணிக்குத் துடிப்பு நின்றதும் மிக்கேல் வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். எங்கே யாரைக் கேட்பது என்று தெரியாமல், அந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மகளிடமே சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் சாப்பிடவில்லை, பேசவில்லை. பயந்துபோய் இங்கே கூட்டி வரும் வழியில், ஐந்தரை மணிக்குத் துடிப்பு திரும்பி வந்திருக்கிறது. வந்துவிட்டது பாப்பா என்று அப்பா சொன்னதை அவள் நம்பவில்லை. மேடம் சொன்னதையும் நம்பவில்லை.

"நேத்துல இருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லுறா. அக்காவை நான் கொன்னுட்டேன்னு."

செண்பா வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"நீ உள்ள போய் உயிரோட இருக்கேன்னு முகத்தைக் காட்டினா மட்டும் போதாது. அவ சாட்சியை உடைக்கணும். உடைக்கணும்னா நீ பொய் சொன்னதை அவகிட்டச் சொல்லியாகணும். அவ உன்னை வெறுக்கலாம். உன்னால முடியுமான்னு பாத்துச் சொல்லு. முடியலன்னா நான் வேற வழி பாக்கேன்."

செண்பா எழுந்து நடந்தாள்.

பார்வையாளர் அறையில் ரோஸ்லின் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் கதவருகில் இருந்தார். செண்பா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து பெயரைச் சொன்னாள். ரோஸ்லின் திரும்பினாள். வெகுநேரம் முகத்தையே பார்த்தாள். பிறகு பார்வை கைக்குப் போனது.

"கையில காப்பு இல்லியே."

"இல்ல. இருபத்தாறு நாளா இல்ல. எங்கம்மா கையில கட்டிவிட்டுட்டேன்."

ரோஸ்லின் தலையை ஆட்டினாள். "பொய். நான் கழட்டின மறுநாளே நீங்க சரியாயிட்டீங்க. அப்பா சொன்னாங்க."

"அது எங்கம்மா நாடி. அவ கொதிக்கிற பாகுக்கு முன்னால நின்னாலும் பதற மாட்டா. நான் சரியாகவே இல்ல ரோஸ்லின். பதினஞ்சாம் நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் சரியாகல. நீ கழட்டினதுக்கு அப்புறமும் அப்படியேதான் இருந்துச்சு. நீ என்னை ஒண்ணும் செய்யல. எனக்கு முன்னாடியே இருந்தது திரும்ப வந்துச்சு, நான் அதை மறைச்சேன். மேடம்கிட்ட மறைச்சேன், உங்கிட்ட மறைச்சேன், எங்கம்மாகிட்டயும் மறைச்சேன்."

"நேத்து நின்னு போச்சே."

"எங்கம்மா துட்டி வீட்டுக்குப் போனா. காப்போட போகக் கூடாதுன்னு ஆணியில மாட்டிட்டுப் போயிட்டா." சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான காரணம் என்று செண்பாவுக்குத் தோன்றியது. ஆனால் உண்மை அவ்வளவுதான். அவள் கையை நீட்டினாள். "நம்பாட்டி நீயே பாரு."

வார்டில் இருந்த பிள்ளைகளுக்கு நாடி பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினம் மூன்று தடவை நர்ஸ் பார்ப்பதைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். ரோஸ்லின் இரண்டு விரலைச் சரியான இடத்தில் வைத்தாள். உதடு அசைய எண்ணினாள்.

"ரொம்ப வேகமா ஓடுது."

"ஆமா."

இன்னும் கொஞ்ச நேரம் எண்ணினாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. நேற்றிலிருந்து அவள் அழவில்லை என்று பிறகு நர்ஸ் சொன்னார்.

"அப்ப இத்தன நாளா நீங்களும் அங்க இல்ல, நானும் இல்லியாக்கா?"

"ஆமா."

"ஆறு மணிக்கு நீங்க கேட்டப்பல்லாம் கேக்குதுன்னு சொன்னேனே."

"நானும் உன் துடிப்பு நல்லாருக்குன்னு சொன்னேனே."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றோ மன்னித்தேன் என்றோ சொல்லவில்லை. நீங்களாவது இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் பாதி நாளைத் தள்ளினேன் என்று மட்டும் சொன்னாள். அது செண்பாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. தைக்கட்டும் என்று இருந்தாள். நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அந்த இரண்டு விரலும் செண்பாவின் மணிக்கட்டிலிருந்து விலகவில்லை.

வெளியே வந்தபோது பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இடம் விட்டு, ஐம்பது வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கை பெரியது, தோல் வெளுத்து வெடித்திருந்தது. அதில் சாம்பல் நிறப் பட்டை. மேடம் ஏற்கெனவே இருவருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஐஸ் கம்பெனியில ஐஸ் கட்டி தூக்குற வேல தாயி," என்று மிக்கேல் முப்புடாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மத்தியானத்துக்கு மேல கை மரத்துப்போவும். அப்ப இதுல இருந்து ஒரு சூடு வரும். அந்தப் பிள்ளதான் எம்மவள நெனச்சு என்னமோ செய்யுதுன்னு நான் மாதாவக் கும்பிடுவேன்."

முப்புடாதி தலையை ஆட்டினாள். பாகுச் சட்டி என்று மட்டும் சொன்னாள். நாடி நின்றதைப் பிள்ளையிடம் போய்ச் சொன்னது நான்தானே என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கழற்றினது நான்தானே என்றாள் அவள்.

ஆவுடை மேடம் வந்தார். ரோஸ்லின் கொஞ்சம் கஞ்சி கேட்டிருக்கிறாள் என்றார். மிக்கேல் உடனே எழுந்து போனார். செண்பாவிடம் மேடம், பன்னிரண்டு மணிக்கு டாக்டரைப் பார்க்கச் சீட்டுப் போட்டிருக்கிறேன், அம்மாவும் கூட வரட்டும் என்றார். பிறகு முப்புடாதியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவள் காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். கழற்றிய இடத்தில் இருபத்தாறு நாள் வெயில் படாத வெளுப்பு வட்டமாக இருந்தது.

இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஏசட்டும் என்று செண்பா காத்திருந்தாள். காப்புத்தான் கழன்றுவிட்டதே, இனி ஏசலாம்.

"அந்த மனுசன் கை எப்பச் சில்லிடும், எப்பச் சுடும்னு எனக்குத் தெரியும்," என்றாள் முப்புடாதி. "ஒரே வீட்டுல இருக்க. ஒரே தட்டுல தாரேன். நீ சோத்தப் பிசஞ்சு பிசஞ்சு வச்சத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். படிக்கிற பிள்ள, களப்புன்னு நெனச்சேன். உங்கையப் பிடிச்சு ஒருநா பாக்கலியே நான்."

அவள் செண்பாவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் மணிக்கட்டின் மேல்பக்கம், எலும்பு இருக்கிற இடத்தில் அழுத்திப் பிடித்துத் துடிப்பைத் தேடினாள். அங்கே இங்கே நகர்த்தினாள். ஒன்றும் அகப்படாததால் பயந்துபோய் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

செண்பா கையைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மாவின் விரல்களை எடுத்து, துடிக்கிற இடத்தில் வைத்தாள்.